நீண்ட போரில் சோறு போட்டது யார்? கொங்கு நாட்டில் மைசூர்ப் போர்கள்

திருப்பூர் என்றவுடன் இன்று பனியன், ஏற்றுமதி, சாயப்பட்டறை இவைதான் நினைவுக்கு வரும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே வட்டாரம் வேறொரு விஷயத்துக்குப் பேர் போனது. மைசூர்ப் படைக்கும் ஆங்கிலேயக் கம்பெனிப் படைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பூமி இது. 1767 முதல் 1799 வரை நான்கு மைசூர்ப் போர்கள் நடந்தன. அவற்றில் முதல் மூன்றிலும் படைகள் கொங்கு நாட்டில் இறங்கின.

தாராபுரம் கோட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1768ல் கர்னல் வுட் பிடித்தார். அதே ஆண்டில் ஹைதர் அலி திரும்ப எடுத்துக்கொண்டார். 1783ல் கர்னல் புல்லார்ட்டன் பிடித்தார். 1784ல் மங்களூர் உடன்படிக்கைப்படி திப்புவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1790 ஜூலையில் மறுபடி கம்பெனி, அக்டோபரில் மறுபடி திப்பு! ஒரே ஊருக்கு இத்தனை முறை எஜமானர் மாறினார்கள்.

பாடப்புத்தகங்களில் இந்தத் தேதிகள் எல்லாம் இருக்கின்றன. யார் வென்றார், யார் தோற்றார், என்ன உடன்படிக்கை என்று வரிசையாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் ஒரு சின்னக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. முப்பதாண்டுகள் ஆயிரக்கணக்கான ஆட்களும், அதைவிட அதிகமாக மாடுகளும் குதிரைகளும் இந்த வறண்ட காட்டில் எதைத் தின்று உயிர் வாழ்ந்தன?

போர் ஒரு வாரத்தில் முடிந்தால் கட்டுச்சோறு போதும். ஒரு மாதம் என்றால் மூட்டை கட்டி எடுத்துப் போகலாம். ஆண்டுக்கணக்கில் நடந்தால் மூன்று வேலைகளை யாராவது செய்தே ஆக வேண்டும். ஒருவன் விதைக்க வேண்டும். ஒருவன் தீனியும் தானியமும் தேடிக் கொண்டுவர வேண்டும். ஒருவன் எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து வர வேண்டும். இந்த மூன்றையும் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்பதுதான் நீண்ட போரின் உண்மையான பிரச்சனை.

சீனாவில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. கி.பி. 196ல் சாவ் சாவ் என்ற தளபதி, போரில் பாழாய்ப் போன நிலங்களில் ஆட்களைக் குடியேற்றிப் படைக்குத் தானியம் விளைவித்தார். அவருடைய வாரிசுகளை எதிர்த்துப் போரிட்ட ஜூகே லியாங், 234ல் வெய் ஆற்றங்கரையில் முகாம் போட்டபோது, தன் வீரர்களையே ஊர் மக்களின் நிலங்களுக்குப் பக்கத்தில் உழ வைத்தார். மலைதாண்டி அரிசி கொண்டுவருவது முடியாத காரியம் என்று முந்தைய படையெடுப்புகளில் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார் அவர்.

கொங்கு நாட்டில் இது நடக்கவில்லை. நடந்திருக்கவும் முடியாது. இங்கே விவசாயம் என்பது கிணறும் மாடும். ஆழமான கிணற்றில் கவலை பூட்டி, இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி ஏறி, தோல் பறியில் தண்ணீர் இறைத்தால்தான் தோட்டம். மற்றதெல்லாம் மழையை நம்பிய சோளக்காடு, கம்பங்காடு. வந்து முகாம் போட்ட சிப்பாய் நான்கு மாதத்தில் இதைக் கற்றுக்கொண்டு அறுவடை செய்துவிட்டுப் போக முடியாது. எனவே இங்கே சண்டை போட்ட மூன்று தரப்பும் மூன்று விதமான ஏற்பாடுகளைச் செய்துகொண்டன.

உழவனே சேவகன்

முதலாவது, பாளையக்காரர்களின் ஏற்பாடு. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே உடுமலை, மடத்துக்குளம் பக்கம் தளி, மெட்ராத்தி, துங்காவி போன்ற பாளையங்கள் இருந்தன. பாளையக்காரரிடம் சம்பளப் பட்டாளம் என்று பெரிதாகக் கிடையாது. நிலம் கொடுத்திருப்பார். வரி குறைவு அல்லது வரியே இல்லை. அதற்குப் பதிலாக, கொம்பு ஊதினால் ஈட்டியையோ துப்பாக்கியையோ எடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும். மற்ற நாட்களில் அவன் தன் காட்டை உழுவான், முறை போட்டு ஊர்க்காவல் பார்ப்பான்.

இந்த முறையின் தெளிவான வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கொங்குக்குக் கிழக்கே புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். தொண்டைமான் அரசில் இதற்கு அமரம் என்று பெயர். அமரக்காரர்கள் நிலமானியம் பெற்று, சேர்வைக்காரர்களின் கீழ் பிரிவு பிரிவாக இருந்தார்கள். சமாதான காலத்தில் உழவு, அரண்மனைக் காவல், கோட்டைக் காவல். போர் வந்தால் படை. 1751 முதல் 1754 வரை திருச்சிக்காக நடந்த நீண்ட போரில் இந்தச் சிறிய நாடு செய்த காரியம் பெரிது. திருச்சியில் ஸ்டிரிங்கர் லாரன்ஸின் கம்பெனிப் படைக்கு அரிசியும் மாடும் பெரும்பாலும் தொண்டைமான் சீமையிலிருந்துதான் போயின. காட்டுப் பாதைகளில் அந்த மூட்டைகளைப் பாதுகாத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் யூசுப் கான். மருதநாயகம் என்று நாம் சொல்கிறோமே, அவர்தான். அவரைப் பெரிய ஆளாக ஆக்கியதில் கோட்டைச் சண்டைகளை விட இந்த வேவு வேலைக்கும் மூட்டைக் காவலுக்கும் பங்கு அதிகம்.

இந்த உணவு வரத்தை நிறுத்த 1754ல் பிரெஞ்சுத் தளபதி மெசின் தொண்டைமான் சீமைக்குள் படையோடு புகுந்தார். ஊர்கள் காலியாகக் கிடந்தன! மக்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். உழவனும் சேவகனும் ஒரே ஆளாக இருப்பதில் உள்ள பலம் இதுதான். எந்தக் காட்டில் எந்தத் தடம் போகும், தண்ணீர் எங்கே நிற்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேவு பார்க்கத் தனி ஆள் வேண்டாம், மாடு மேய்க்கும் பையனே போதும்.

பலவீனமும் அதுவேதான். ஆடிப்பட்டம் வந்தால் அவன் மனசு காட்டில் இருக்கும். தை பிறந்தால் களத்தில் இருக்கும். சொந்த மண்ணை விட்டு ஐம்பது கல் தள்ளி அவனை ஆறு மாதம் நிறுத்தி வைக்க முடியாது. பாளையக்காரர்கள் தங்கள் எல்லைக்குள் பெரிய படைகளைத் திணற அடித்ததும், எல்லைக்கு வெளியே வந்தால் சிதறிப் போனதும் இதனால்தான். வீரம் குறைந்து போனதாகச் சொல்வது சரியான கணக்கு அல்ல.

மைசூரின் கணக்கு

ஹைதரும் திப்புவும் இந்தச் சிக்கலை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் உழுகிற சேவகனையும் விடவில்லை, அவனை மட்டும் நம்பவும் இல்லை. வேலைகளைப் பிரித்தார்கள்.

உழுகிற சேவகர்களுக்கு மைசூரில் கந்தாசாரம் என்று பெயர். கொஞ்சம் நிலம், கொஞ்சம் பணம் கொடுத்துவிடுவார்கள். முறை வரும்போது கோட்டைக் காவல், கச்சேரிக் காவல், தபால் ஓட்டம். முறை இல்லாதபோது சொந்த ஊரில் விவசாயம். திப்பு 1799ல் இறந்த பிறகும் திவான் பூர்ணையா இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. சுமார் 20,000 கந்தாசாரச் சேவகர்கள் அப்போதும் இருந்தார்கள். ஒருவேளை கலைத்திருந்தால் அத்தனை பேரும் வேலையில்லாமல் ஆயுதத்தோடு அலைந்திருப்பார்கள், பூர்ணையா விவரமான ஆள்!

சண்டைக்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற காலாட்படையும் பீரங்கிப்படையும் இருந்தன. இவர்கள் ஏரைத் தொட வேண்டியதில்லை. மூன்றாவது கூட்டம்தான் கம்பெனிக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. இலேசான குதிரைப்படை. ஆங்கிலேயர்கள் இவர்களை 'லூட்டி' என்று எழுதினார்கள், அதாவது கொள்ளைக்காரர்கள். வேவு பார்ப்பது, எதிரியின் புல்லறுக்க வந்தவர்களை மடக்குவது, தானிய மூட்டையைப் பறிப்பது, கடிதம் கொண்டுபோகும் ஹர்க்காராவைப் பிடிப்பது எல்லாம் இவர்கள் வேலை.

கொள்ளையையும் ஒரு இலாகாவாக நடத்தலாம் என்று ஹைதர் இளம் வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதே திருச்சிப் போரில் அவர் மைசூர்ப் படையில் ஒரு சிறு தளபதி. தன்னிடம் இருந்த வேடர் சேவகர்களைச் சுற்றுவட்டாரத்தில் ஏவிவிட்டு, கிடைத்ததில் பாதி அவர்களுக்கு, பாதி தனக்கு என்று வைத்துக்கொண்டார். ஏமாற்ற முடியாதபடி கணக்கு எழுத கண்டே ராவ் என்ற பிராமணரை நியமித்தார். மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ் இதைச் சொல்லிவிட்டு இன்னொரு கதையும் சொல்கிறார். திண்டுக்கல்லில் ஹைதர் பௌஜ்தாராக இருந்தபோது, காயம்பட்ட வீரர்களுக்கு அரசு படி கொடுத்தது. ஹைதர் காயமே படாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு மஞ்சள் துணியைச் சுற்றிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டாராம். தணிக்கைக்கு வந்த அதிகாரி கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை போலும்.

மாடும் மைசூரின் பலம். அமிர்த மகால் என்று பின்னால் பேர் பெற்ற அரண்மனை மாட்டுப் பட்டிகள் உடையார்கள் காலத்திலேயே தொடங்கியவை. ஹைதரும் திப்புவும் அவற்றைப் பெருக்கினார்கள். வேகமாக நடக்கும், பீரங்கி இழுக்கும் மாடுகள். சிதம்பரத்தை எதிரியிடமிருந்து காப்பாற்ற ஹைதர் இரண்டரை நாளில் 100 மைல் வந்தது இந்த மாடுகளால்தான் என்று மைசூர் கெசட்டியர் எழுதுகிறது.

கம்பெனியின் கணக்கு

கம்பெனிப் படை மூன்றாவது வகை. அதன் சிப்பாய் உழமாட்டான், தீனி தேடமாட்டான், வேவும் பெரும்பாலும் பார்க்கமாட்டான். சண்டை மட்டும் போடுவான். மற்ற எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். எனவே சண்டைபோடும் ஒருவனுக்குப் பின்னால் மூன்று நான்கு பேர் நடந்தார்கள். ஒரு குதிரை என்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குதிரைக்காரன், புல்லுக்கு ஒரு புல்லறுப்பவன். இந்தப் புல்லறுப்பவர்கள் தினமும் காலையில் முகாமை விட்டு வெளியே போய், அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணை உதறி, கட்டுக் கட்டித் தூக்கி வர வேண்டும். முகாம் ஒரே இடத்தில் பத்து நாள் இருந்தால் பக்கத்தில் புல் தீர்ந்துவிடும். பிறகு தினமும் ஒரு கல் அதிகமாகப் போக வேண்டும். லூட்டிக் குதிரைகள் காத்திருப்பதும் அங்கேதான். எந்த ஆயுதமும் இல்லாமல், படைக்காக அதிகம் செத்தவர்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கல்வெட்டிலும் இவர்கள் பெயர் இல்லை.

இந்த ஏற்பாடு கொங்கு நாட்டில் எப்படி வேலை செய்தது என்பதை 1790ல் நன்றாகப் பார்க்கலாம்.

ஜெனரல் மெடோஸ் திருச்சியிலிருந்து புறப்பட்டு ஜூன் 15ஆம் தேதி கரூரை அடைந்தார். திட்டம் இதுதான்: கரூர், ஈரோடு, சத்தியமங்கலம் என்று வழியெல்லாம் கிடங்கு போட்டுக்கொண்டே போய், கஜலஹட்டி கணவாய் வழியாக மைசூருக்கு ஏறிவிடுவது. கரூரிலேயே தானியத்துக்கும் மாட்டுக்கும் காத்திருந்து இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டது. பிறகு அரவக்குறிச்சி, தாராபுரம். ஜூலை 21ல் கோயம்புத்தூர். கோட்டை காலியாக இருந்தது.

தேதிகளைத் தமிழ் மாதத்தில் போட்டுப் பாருங்கள். ஆனியில் வந்தார்கள், ஆடியில் கோவையைப் பிடித்தார்கள். சரியாக விதைப்புக் காலம். படைக்கு மாடு வேண்டும், உழவனுக்கும் அப்போதுதான் மாடு வேண்டும். ஒரு பெரிய முற்றுகைப் பீரங்கியை இழுக்கப் பல ஜோடி மாடுகள் வேண்டும். மேட்டில் பின்னாலிருந்து முட்டித் தள்ள யானை வேறு. படை பிடித்துக்கொண்டு போன ஒவ்வொரு ஜோடிக்கும் எங்கோ ஒரு கிணற்றில் கவலை நின்றிருக்கும். எந்தப் போர்க் குறிப்பிலும் இந்தக் கணக்கு இல்லை. நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

திப்பு மலைமேல் இருந்தார். கீழே கம்பெனியைத் தொந்தரவு செய்யவும் செய்தி அனுப்பவும் சையத் சாகிப் தலைமையில் சில ஆயிரம் குதிரைகளை விட்டிருந்தார். கர்னல் ஃபிளாய்டின் குதிரைப்படை அவர்களைத் துரத்தத் துரத்த, சையத் சாகிப் பவானி ஆற்றைத் தாண்டி மலைமேலேயே ஏறிவிட்டார். கீழே மைசூருக்குக் கண் இல்லாமல் போனது. திப்புவுக்கு இதில் கடுங்கோபம்.

இப்போது கம்பெனிப் பக்கம் என்ன ஆனது என்று பாருங்கள். சத்தியமங்கலத்தில் இருந்த ஃபிளாய்டுக்கு வேவுக்காரர்கள் சரியான செய்தி கொண்டு வந்தார்கள்: திப்பு பெரும்படையோடு கஜலஹட்டி வழியாக இறங்கப் போகிறார் என்று. ஃபிளாய்ட் கோவையில் இருந்த மெடோஸுக்கு எழுதினார். மெடோஸ் நம்பவில்லை! இருக்கும் இடத்திலேயே இரு என்று பதில் வந்தது. வேவு பார்ப்பவன் வேலை பாதிதான், நம்புகிறவன் வேலை மீதிப் பாதி.

செப்டம்பர் 13ஆம் தேதி திப்பு வந்தே விட்டார். நாள் முழுக்கப் பீரங்கிச் சண்டை. ஃபிளாய்டின் ஆட்கள் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் பீரங்கி மாடுகள் ஏராளமாகச் செத்தன, ஓட்டிகள் ஓடிவிட்டார்கள். மறுநாள் காலை பின்வாங்கும்போது இழுக்க மாடில்லாமல் மூன்று பீரங்கிகளை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அன்று மாலை அவினாசிக்கு வடக்கே சேவூரில் திப்புவின் படை அவர்களைப் பிடித்துவிட்டது. முதல் நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாத சிப்பாய்கள் அங்கே திரும்பி நின்று சண்டை போட்டார்கள். திப்புவின் மைத்துனர் பர்ஹானுதீன் அந்தச் சண்டையில் இறந்தார். இன்று திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் சேவூர் போய்விடலாம். அங்கே இப்படி ஒரு சண்டை நடந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு நடந்தது கண்ணாமூச்சி. மெடோஸ் துரத்தினார், திப்பு நழுவினார். துரத்துகிற படை தன் அரிசி மூட்டையை விட்டுத் தூரம் போக முடியாது. நழுவுகிற படை எதிரியின் அரிசி மூட்டையை நோக்கியே போகலாம். ஈரோட்டைத் திப்பு மீட்டார், அங்கே கம்பெனி சேர்த்து வைத்திருந்ததும் போனது. அக்டோபர் 8ல் தாராபுரம். கோவை, பாலக்காடு, கரூர் கையில் இருந்தும் மெடோஸின் மைசூர்ப் பயணம் மலை ஏறவே இல்லை.

மறு ஆண்டு கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸே வந்தார். வழியை மாற்றி, பெங்களூரைப் பிடித்து, 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எதிரே போய் நின்றார். மே 15 சண்டையில் வெற்றியும் பெற்றார். ஆனால் வழியில் இருந்த ஊர்களைத் திப்பு முன்கூட்டியே காலி செய்து, தீனியை எரித்திருந்தார். மாடுகள் செத்துக்கொண்டே இருந்தன. வென்ற தளபதி தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

திரும்பும் வழியில்தான் வேடிக்கை. திடீரென்று குதிரைப்படை ஒன்று தெரிந்தது. எதிரி என்று தயாரானார்கள். பார்த்தால் கூட்டாளிகளான மராத்தியர்கள்! பெரிய படை, பல நாட்களாக நெருங்கி வந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு செய்திகூடக் கார்ன்வாலிஸுக்கு வந்து சேரவில்லை. நடுவில் திப்புவின் குதிரைகள் எல்லா ஹர்க்காராக்களையும் மடக்கிவிட்டிருந்தன. சில நாள் முன்பு தெரிந்திருந்தால் பீரங்கிகளை உடைத்திருக்க வேண்டியதில்லை. மராத்திய முகாமின் பஜாரில் தானியம் இருந்தது. விலை நெருப்பாக இருந்தாலும் பட்டினிப் படை வாங்கித் தின்றது.

இலம்பாடிகளும் ரீட் துரையும்

இந்த அடிக்குப் பிறகு கம்பெனி உருப்படியாக ஒரு காரியம் செய்தது. பிரிஞ்சாரிகளை, அதாவது நம் ஊரில் இலம்பாடி என்று சொல்லும் மக்களை, பெரிய அளவில் தன் பக்கம் இழுத்தது. கடற்கரையிலிருந்து உப்பை உள்நாட்டுக்கும், உள்நாட்டுத் தானியத்தைத் திரும்பவும் பொதிமாடுகளில் கொண்டுபோய் விற்பது அவர்கள் தொழில். வீடு கிடையாது. குழந்தை குட்டியோடு மந்தை போகும் இடமெல்லாம் போவார்கள். எந்தப் படை நல்ல விலை கொடுக்கிறதோ அதற்குத் தானியம். தங்கள் மந்தையைத் தாங்களே காத்துக்கொள்வார்கள். தங்களுக்குத் தானியம் கொண்டுவருபவர்கள் என்பதால் பெரும்பாலும் இரண்டு தரப்புமே அவர்கள்மேல் கை வைக்கத் தயங்கின. 1792ல் கார்ன்வாலிஸ் மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது படை பட்டினி கிடக்கவில்லை. திப்பு பாதி ராஜ்யத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். அந்தப் பாதியில் கொங்கு நாடு இல்லை, அது 1799 வரை மைசூரிடமே இருந்தது.

(இத்தனை படைகளுக்குச் சோறு போட்ட அந்த இலம்பாடிகளைப் பிற்காலத்தில் அதே ஆங்கில அரசு பல இடங்களில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ரயிலும் ரோடும் வந்த பிறகு பொதிமாடு தேவைப்படவில்லை.)

பிரிஞ்சாரிகளை இழுக்கும் வேலையில் முக்கியமானவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது: வேவு இலாகா. ஆம்பூரில் இருந்துகொண்டு மைசூருக்குள் ஹர்க்காராக்களை அனுப்பிச் செய்தி சேகரித்தவர் அவர்தான். உதவிக்கு இருந்த இளைஞர் தாமஸ் மன்றோ. தீனியும் வேவும் ஒரே மேசைக்கு வந்தது தற்செயல் இல்லை. எந்த ஊரில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் எந்த வழியில் படை போகலாம் என்று தெரியும்.

போர் முடிந்ததும் ரீட் எங்கே போனார்? 1792ல் கம்பெனிக்குக் கிடைத்த பாராமகாலுக்கும் சேலத்துக்கும் வரி வசூலிக்கும் அதிகாரியாக. மன்றோவும் வில்லியம் மெக்லியோடும் உதவியாளர்கள். அங்கே அவர்கள் செய்த நில அளவையிலிருந்துதான் ரயத்வாரி முறை வளர்ந்தது. 1799ல் கொங்கு நாடு கம்பெனிக்கு வந்தபோது, கோவையின் வடபகுதிக்குக் கலெக்டராக வந்தவர் அதே மெக்லியோட். தென்பகுதிக்கு ஹர்டிஸ். எந்த ஊரில் எத்தனை ஏர், எத்தனை கிணறு, என்ன விளைச்சல் என்ற கேள்விகள் மாறவில்லை. முதலில் படைக்காகக் கேட்டார்கள், பிறகு வரிக்காகக் கேட்டார்கள்.

அப்போது ஊர்கள் எப்படி இருந்தன? 1800ஆம் ஆண்டு பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் கம்பெனி உத்தரவின்பேரில் இந்தப் பகுதி முழுக்கச் சுற்றி எழுதினார். ஈரோட்டைப் பற்றி அவர் கொடுக்கும் கணக்கு இது. ஹைதர் காலத்தில் பேட்டையில் சுமார் 3,000 வீடுகள். திப்பு காலத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மெடோஸின் படையெடுப்பில் மொத்தமும் அழிந்தது. அவர் பார்த்தபோது மெல்ல மெல்ல எழும்பி 400 வீடுகள் ஆகியிருந்தன. ஒரு முற்றுகைக்குக்கூட இல்லை, கிடங்குக்காகக் கைமாறிய ஊருக்கு இந்தக் கதி!

தானியத்தைப் பூமிக்குள் குழி தோண்டிப் புதைத்து வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். நல்ல காலத்தில் அது சேமிப்பு, போர்க்காலத்தில் ஒளிப்பு. படையோடு வந்தவர்கள் இரும்புக் கம்பியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்துக் குழியைக் கண்டுபிடிப்பார்கள். வந்தது எந்த அரசரின் படை என்பது குழியை இழந்த குடும்பத்துக்கு ஒன்றுதான்.

கடைசியாக ஒருவர்

திப்பு இறந்த பிறகும் உழுகிற சேவகர்களின் போர் முடியவில்லை. காங்கயம் பக்கத்து மேலப்பாளையத்தில் 1756ல் பிறந்த தீர்த்தகிரி, அதாவது தீரன் சின்னமலை, ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு கம்பெனியை எதிர்த்தார். விருப்பாச்சி கோபால நாயக்கர் முதலானோரோடு சேர்ந்து 1800 ஜூன் 3ஆம் தேதி கோவைக் கோட்டையைத் தாக்கப் போட்ட திட்டம் தோற்றது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அதன் பிறகும் 1801ல் காவிரிக்கரை, 1802ல் ஓடாநிலை, 1804ல் அறச்சலூர் என்று சண்டைகள் நடந்ததாகக் கொங்கு நாட்டு வரலாறு சொல்கிறது.

ஐந்தாண்டுகள் அவர் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் முன்பு சொன்ன பலம்தான். சுற்றிலும் இருந்த ஊர்களே அவருக்குக் கிடங்கு, ஊர்க்காரர்களே வேவு. வாய்மொழிக் கதைகளில் வேலப்பன் என்று ஒருவர் வருகிறார். சங்ககிரியில் ஆங்கிலேயர்களிடமே வேலைக்கு இருந்துகொண்டு, படை புறப்படும் செய்தியைச் செருப்புக்குள் வைத்து அனுப்பினாராம். பிடிபட்டதும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கம்பெனி இந்த முறை கிடங்குகளைத் தேடவில்லை. பாளையங்களின் காவல் உரிமையைப் பறித்தது, ஆயுதங்களைப் பிடுங்கியது, சேவக மானியங்களைத் திரும்ப எடுத்தது அல்லது வரிக்குள் கொண்டுவந்தது. உழுகிறவன் உழட்டும், சண்டைக்குச் சம்பளச் சிப்பாய் இருக்கிறான் என்று இரண்டையும் வெட்டிப் பிரித்துவிட்டது.

ஓடாநிலைக் கோட்டையைப் பீரங்கிகளோடு வந்து இடித்தார்கள். சின்னமலை தம்பிகளோடு பழனிப் பக்கம் கருமலைக்குப் போய்விட்டார். அங்கே அவரைக் காட்டிக்கொடுத்தது சமையற்காரன் என்பதுதான் கொங்கில் வழங்கும் கதை. சாப்பிட உட்காரும் நேரத்தைச் சொல்லி அனுப்பினானாம். 1805 ஜூலை 31ஆம் தேதி சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள்.